தாளித்த மோரும் இறங்காத சோறும்

அம்மை வார்த்திருந்த வீட்டில் தாளிக்கச் சொன்னவன் நான். சொன்னபடி தாளித்துக் கொடுத்தவள் என் மருமகள் சத்யா. பிறகு அவளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் போனபோது, "அம்மை வீட்டில் தாளித்தாள், அதனால் வந்த குறை" என்று ஊரில் சொன்னவனும் நான். யாருக்காகத் தாளித்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாரியம்மனை நம்பி வாழும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். என் பிரார்த்தனைக்கு அவள் பதில் தந்தாள். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இது வெறும் பெருமைப் பேச்சாகிவிடும். எனக்கு வயதாகிவிட்டது. பெருமை பேசுகிற தெம்பும் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில் எங்கள் ஊர். அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கொஞ்சம் நிலம் உண்டு, மரவள்ளி போடுகிறோம். ஒரே மகன் இளவரசன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து போவான். மருமகளும் பேத்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். சத்யாவின் அம்மா வீடு கச்சிராயபாளையம். கல்வராயன் மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும் ஊர்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்தபின் வந்த ஒரு பங்குனி மாதத்தில் பேத்திக்கு அம்மை வார்த்தது. பள்ளிக்கூடத்தில் பல பிள்ளைகளுக்கு இருந்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். வெளியாள் யாரும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. கடுகு வெடிக்கிற சத்தமும் தாளிக்கிற வாசனையும் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மனுக்கு ஆகாது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை உப்பும் புளியும் கம்மி, தாளிப்பு இல்லை.

எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. அதுதான் உண்மை. என் மனைவி தனலட்சுமி கோவிலுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்த ஒரு காலைப் பொழுதில், சத்யாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அம்மாடி, மோருக்கு மட்டும் ரெண்டு கடுகு தாளிச்சுப் போடேன். வாயில வெக்க முடியல."

"அத்தைக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க மாமா."

"அவ வர்றதுக்குள்ள குடிச்சிடறேன்."

அவள் சிரித்துக்கொண்டே சின்னக் கரண்டியில் தாளித்தாள். கடுகு வெடித்த சத்தத்துக்கு இருவருமே திடுக்கிட்டோம். மோரை நின்றுகொண்டே குடித்தேன். நன்றாக இருந்தது.

தனலட்சுமி வந்ததும் வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். "இன்னா, தாளிச்ச வாசன வருது?"

நான் செய்தித்தாளைப் பிரித்தேன். சத்யா என்னைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் அத்த. ஏதோ ஞாபகத்துல தாளிச்சுட்டேன்" என்றாள்.

"நல்லா ஞாபகம் போ. ஆத்தா வூட்ல குந்தினு இருக்கா, இவளுக்குத் தாளிப்பு கேக்குது."

நான் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் சொன்ன சின்னப் பொய் அது. அன்று அதை ஒரு வாய்ச்சொல்லில் திருத்தியிருக்கலாம்.

பேத்திக்கு இறங்கியதும் சத்யாவுக்கு வார்த்தது. பெரியவர்களுக்கு வந்தால் வேகம் ஜாஸ்தி. வாயெல்லாம், தொண்டையெல்லாம் கொப்புளம். அவளுக்கும் மூன்று தண்ணீர் ஊற்றினோம். எழுந்து நடமாடினாள். முடிந்தது என்று நினைத்தோம்.

மழைக்காலம் வந்தபோது ஆரம்பித்தது. முதலில் சோறு நெஞ்சில் நிற்கிறது என்றாள். பிறகு இட்லி நின்றது. சில நாள் தண்ணீரே நின்றது. தின்றது அப்படியே திரும்பி வரும். வாந்தி மாதிரிப் புளிப்பாக இல்லை, மென்ற சோறு மென்றபடியே வரும். காலையில் தலையணை நனைந்திருக்கும். சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பாள். எழுந்து நிற்பாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி உடம்பை நீட்டுவாள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள்.

"இன்னாடி இவ, கோழி மாதிரி கழுத்த நீட்டி நீட்டித் திங்கறா" என்பாள் தனலட்சுமி.

நான் சொன்னது அதைவிட மோசம், ஏனென்றால் படித்த வாயால் சொன்னேன். "சோத்துக்கு நடுவுல தண்ணி குடிச்சா செரிமான நீர் நீர்த்துப் போயிடும். உக்காந்து பொறுமையா மென்னு தின்னு" என்று சொல்லி, அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒருநாள் அல்ல. தினமும் அப்படித்தான் செய்தேன்.

டாக்டர்களிடம் காட்டினோம். ஒருவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசியவன் நான். "சரியா சாப்பிடறதில்லைங்க, சாப்பிட்டா வாந்தி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் திரும்பி வருகிறது என்று சொல்ல அவள் வாயெடுத்தால், டாக்டருக்கு நேரமில்லை என்று அடக்கிவிடுவேன்.

அவள் உடம்பு வற்றியது. வளையல் முழங்கைவரை ஏறியது. பேத்தி அவள் மடியில் உட்கார்ந்து, "அம்மா, எலும்பு குத்துது" என்று இறங்கிவிடும்.

ஊர் கேட்க ஆரம்பித்தது. எனக்குள் ஒரு பயம் இருந்தது. அம்மை வீட்டில் தாளிப்பைக் கேட்டவன் நான். தண்டனை எனக்கு வர வேண்டியது. வழி தவறி அவளிடம் போய்விட்டதோ என்ற பயம். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் பாதியை மட்டும் சொன்னேன். "அம்மை வீட்டில் தாளிச்சுட்டா" என்றேன். அந்தப் பாதி எங்கள் தெருவைச் சுற்றி வந்து, வேண்டுதலாக வீட்டுக்குத் திரும்பியது. ஆடியில் அவள் மாரியம்மனுக்கு மண்சோறு தின்ன வேண்டும் என்று பேசி முடித்தார்கள். முடித்தவர்களில் நானும் ஒருவன்.

மண்சோறு என்றால் கோவில் தரையில் சோற்றைக் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டுக் குனிந்து, வாயாலேயே எடுத்துத் தின்பது. பலர் மனம் நிறைந்து செய்கிற வேண்டுதல் அது. அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

முந்தின நாள் சத்யா என்னிடம் வந்தாள். "மாமா, எலையில வெச்சு நிமிந்து தின்னாலே எறங்கல. குனிஞ்சுக்கினு தின்னா எப்படி மாமா எறங்கும்?"

"நம்பிக்கையா தின்னா எறங்கும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மோரைப் பற்றித்தான் என்று பயந்தேன். அவள் திரும்பி உள்ளே போனாள்.

மறுநாள் குனிந்து தின்றாள். இரண்டு வாய் எடுத்தாள். மூன்றாவது வாய்க்கு உடம்பு உலுக்கியது. சோறு மூக்கு வழியாக வந்தது. இருமினாள், மூச்சு வாங்க முடியவில்லை. கையைக் கட்டியிருந்த துணியை யாரோ அவிழ்த்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒரு குரல், "ஆத்தா ஏத்துக்கல" என்றது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சோறு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் வைத்துக் காய்ச்சலைத் தணித்தார்கள். அங்கிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய அப்பா பெரியசாமி வந்து மகளையும் பேத்தியையும் கச்சிராயபாளையத்துக்கு அழைத்துப்போனார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வாத்தியாருன்னு நெனச்சுப் பொண்ணு குடுத்தேன்."

மகன் ஓசூரிலிருந்து வந்தான். நேராக மாமனார் வீட்டுக்குப் போனான், நேராகத் திரும்பிப் போனான். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தனலட்சுமி சமைப்பாள். நாங்கள் இருவரும் பேசாமல் தின்போம். எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. அது என்னை வாட்டியது. ஒவ்வொரு கவளமும் தடையில்லாமல் இறங்கும்போது அவள் முகம் வரும்.

அவளால் கஞ்சித் தண்ணீரும் பாதிதான் குடிக்க முடிகிறது என்று செய்தி வந்தது. இப்படியே போனால் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் கோவிலுக்குப் போனேன். ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சன்னிதி சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். களைத்துப்போயிருந்தேன். அழுகையும் வரவில்லை. பாட்டும் மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. சத்தமாகவே சொன்னேன்.

"தாயே, தாளிக்கச் சொன்னது நான். குடிச்சது நான். அவ உன்ன அவமதிக்கல. என்ன மன்னிக்க வேணாம். அவளுக்கு ஒரு வாய் சோறு எறங்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

முதல் முறையாக முழுதும் சொன்னேன். சொன்னபின்பும் ஒன்றும் நடக்கவில்லை. மணி ஒலிக்கவில்லை, பூ விழவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து திரும்பினேன்.

வேப்ப மரத்தடியில் யாரோ நேர்ந்துவிட்ட ஆடு ஒன்று கட்டியிருந்தது. அதன் முன்னால் அலுமினியச் சட்டியில் தண்ணீர். ஆடு முன்னங்காலை மடித்து, தலையை வயிற்று மட்டத்துக்குக் கீழே தாழ்த்தித் தண்ணீர் குடித்தது. கழுத்தின் அடியில் சின்னச் சின்ன அலை ஓடியது. கீழிருந்து மேலே. ஒன்றன்பின் ஒன்றாக.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வருடம் தவறாமல் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். 'ஆடு தலையைக் கீழே வைத்துத் தண்ணீர் குடிக்கிறது. தண்ணீர் எப்படி மேலே ஏறி வயிற்றுக்குப் போகிறது?' பிள்ளைகள் விழிப்பார்கள். உணவுக்குழாய் வெறும் குழாய் இல்லை; அது தசை; அலை அலையாகச் சுருங்கித் தள்ளும்; நீ தலைகீழாக நின்று தின்றாலும் சோறு வயிற்றுக்குத்தான் போகும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எவனாவது ஒருவன் வீட்டில் தலைகீழாக நின்று வாழைப்பழம் தின்று பார்த்துவிட்டு வந்து சொல்வான்.

அப்படியென்றால் நின்றால்தான் இறங்குகிறது, கையைத் தூக்கி நீட்டினால்தான் இறங்குகிறது, தண்ணீரின் பாரம் வைத்தால்தான் இறங்குகிறது என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அவள் குழாய் தள்ளவில்லை. தள்ளுகிற வேலையைப் பாரம்தான் செய்கிறது. அவள் என் கண்முன்னால் தினமும் அதைத்தான் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொம்பை எடுத்துத் தூர வைத்தேன். குனிந்து தின்னச் சொன்னேன்.

ஆட்டைத் தொட்டுக் கும்பிட்டேன். பார்த்தவர்கள் இருந்தால் கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றிருப்பார்கள். என் பிரார்த்தனைக்கு வந்த பதில் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். அம்மன் எனக்குப் புதிதாக ஒன்றும் காட்டவில்லை. என் பயமும் மானமும் மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்டாள். முழு உண்மையைச் சொன்ன வாய் மூடுவதற்குள் திறந்தாள்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன். பெரியசாமி களத்தில் மரவள்ளிக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"இன்னா வாத்தியாரே, அடுத்து எந்தக் கோயிலு?"

"சம்பந்தி, அவள ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேட்டதெல்லாம் பத்தாதா?"

சத்யா வாசலுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் கேட்டேன். "அம்மாடி, உனக்கு நின்னாத்தான் எறங்குதா? படுத்தா திரும்பி வருதா? கஞ்சியும் சோறும் ரெண்டுமே நிக்குதா?"

"நான் அதத்தான மாமா இத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன்."

ஆட்டைப் பார்த்ததையும், வகுப்பில் சொன்ன பாடத்தையும், எனக்குத் தோன்றியதையும் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் வயிறு குடல் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

பெரியசாமி கயிற்றைக் கீழே போட்டார். "பாடம் நடத்துன ஆளுக்கே இப்பத்தான் புரிஞ்சிதா? இத்தினி வருசம் புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுத்த நீ?"

மரியாதை விட்டுப் பேசினார். நியாயம்தான். ஆனாலும் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகனும் வந்து சேர்ந்தான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. சத்யாவே பேசினாள். அங்கிருந்த பெண் டாக்டர் இடையில் பேசாமல் கேட்டார். மாவு கரைத்தது போன்ற வெள்ளை மருந்தை அவளைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே பை மாதிரி விரிந்து, வயிற்றில் சேருமிடத்தில் பறவையின் அலகு போலக் கூர்ந்து போயிருந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, தசை எவ்வளவு அழுத்துகிறது என்றும் அளந்தார்கள். அக்கலேசியா என்று பெயர் சொன்னார் டாக்டர். குழாய் தள்ளுவதில்லை, அடியில் இருக்கிற வாய் திறப்பதில்லை.

பிறகு கேட்டார். "இதுக்கு முன்னாடி அம்மை, கொரோனா, ஏதாவது பெரிய காய்ச்சல் வந்துச்சா?"

"அம்மை வார்த்துச்சு மேடம்" என்றாள் சத்யா.

"அதனாலயா?" என்று மகன் கேட்டான்.

"உறுதியா சொல்ல முடியாது. ஒரு சந்தேகம் இருக்கு. அம்மை மாதிரி சில வைரஸ் உடம்புல இறங்கினதுக்கப்புறமும் நரம்புல தங்கிடும். அத அழிக்கப்போற உடம்பு, சில பேருக்குக் கூடவே தன் நரம்பையும் சேத்து அழிச்சுடுதோன்னு நெனைக்கறாங்க. அம்மை வந்த எல்லாருக்கும் இது வர்றதில்ல. அம்மையே தெரியாதவங்களுக்கும் வந்திருக்கு. இவங்களுக்கு அதனாலதான்னு நான் எழுதித் தர முடியாது."

எனக்கு அங்கே கேட்காமல் இருக்க முடியவில்லை. "டாக்டர், அம்மை இருந்த வீட்டுல தாளிச்சா..."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க ஐயா. யார் மேலயும் தப்பு இல்ல. அவங்க தாளிச்சாங்களா?"

"எனக்காகத் தாளிச்சா. நான்தான் கேட்டேன். மோருக்கு."

மகன் என்னைப் பார்த்தான், பிறகு எழுந்து வெளியே போய்விட்டான். பெரியசாமி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சத்யா மட்டும் அந்த எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடம் தனியாகக் கேட்டேன், எனக்காகத்தான் தாளித்தாய் என்று இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா மட்டும் எறங்கிடுமா மாமா?" என்றாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, அடியில் இறுகிக் கிடந்த தசையை உள்ளிருந்தபடியே வெட்டிவிட்டார்கள். சில நாள் கழித்து முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. அந்த முதல் கவளத்தை அவள் அம்மா ஊட்டினாள். நான் வராண்டாவில் இருந்தேன். பெரியசாமி வெளியே வந்து, "எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் பக்கம் திரும்பவில்லை. என்றாலும் எனக்குச் சொல்லத்தான் வெளியே வந்தார். வராண்டாச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் கேட்டது ஒரு வாய்தான். அம்மன் அதற்குமேல் கொடுத்தாள்.

முழுதும் குணமாகிவிட்டது என்று சொல்லிப் பொய் சாட்சி சொல்ல மாட்டேன். செத்துப்போன நரம்பு திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயின் அடி வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, கூடவே தண்ணீர் குடித்துத்தான் தின்ன வேண்டும். தலைமாட்டை உயர்த்தித்தான் படுக்க வேண்டும்.

அடுத்த ஆடியில் கூழ் ஊற்றும் நாளில், ஊர் கூடியிருந்தபோது, கோவில் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மோரையும் சொன்னேன், செய்தித்தாளையும் சொன்னேன். என்னை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலர் கூழுக்குச் சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்கள். வரிசையில் நின்ற ஒருத்தி, "ஒரு சொம்பு மோருக்கா அந்தப் பொண்ண மண்ணு திங்க வெச்சீங்க?" என்றாள். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தனலட்சுமி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மாலையில் மட்டும், "என்னையும் அவளக் கோழின்னு சொல்ல வெச்சிட்டீங்களே" என்றாள்.

சத்யா செய்ததை நானும் செய்வதுதான் நியாயம் என்று தோன்றியது. மண்சோறு தின்ன வேண்டும் என்று கிளம்பினேன். அப்போது அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். மகனுக்காகவும் பேத்தியின் பள்ளிக்காகவும் வந்தாள், எனக்காக அல்ல. வாசலில் மறித்தாள்.

"வேணாம் மாமா."

"நான் செய்ய வேண்டியது அம்மாடி."

"நீங்க தின்னா என் நெஞ்சு லேசாயிடுமா? இன்னொருத்தர் குனிஞ்சு மண்ணுல தின்றத என்னால பாக்க முடியாது. எனக்கு இன்னமும் கனவுல வருது."

"அப்ப நான் இன்னா செய்யட்டும்?"

யோசித்தாள். "சும்மா இருங்க" என்றாள்.

அதுதான் எனக்கு மிகக் கடினமான வேண்டுதலாக இருந்தது. முடிந்தவரை சும்மா இருக்கிறேன். ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டு செய்கிறேன். ஊரில் எந்த வீட்டில் அம்மை வார்த்தாலும், தண்ணீர் ஊற்றி முடிந்தபின் போய் விசாரிக்கிறேன். வேப்பிலை கட்டுங்கள், அம்மனைக் கும்பிடுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள் என்கிறேன். பிறகு யாருக்காவது சோறு நெஞ்சில் நின்றால், நின்றுகொண்டு தின்றால், தின்றது புளிக்காமல் திரும்பினால், அதைக் குறும்பு என்றோ குறை என்றோ சொல்லாமல் அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர், "வாத்தியாரு மோர்க் கதைய ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இதைப் படிக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, அம்மனை நம்புங்கள். நான் முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். அவள் கோபத்தால் சத்யாவுக்கு நோய் வந்தது என்று சொன்னது நான். அம்மன் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளிடம் போகும்போது பாதி உண்மையைக் கொண்டு போகாதீர்கள். முழுதையும் கொட்டுங்கள். கொட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். பதில் எதிரேயே கட்டியிருக்கலாம்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து சத்யா என் எதிரே சாப்பிட்டதில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்பாள். நான் அந்தப் பக்கம் போனால் வாயை நிறுத்திவிடுவாள். நான் போவதை விட்டுவிட்டேன். தண்ணீர்ச் சொம்பை மட்டும் காலையில் தேய்த்து, நிரப்பி, அவள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். மாதங்கள் போயின.

போன தை மாதம் ஒரு மத்தியானம் நான் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தனலட்சுமி வயலுக்குப் போயிருந்தாள். சத்யா தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை. எனக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரசம் சாதம், நன்றாகக் குழைத்தது. நான் என் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பு என் பக்கத்தில் இருந்தது. நான் கையை நீட்டவில்லை. அவள் சும்மா இருக்கச் சொல்லியிருந்தாள்.

"மாமா" என்றாள். "அந்தத் தண்ணிய இப்படி வைங்க."

வைத்தேன். குடித்தாள். அடுத்த கவளத்தை எடுத்தாள்.